குடிவரவுத் தடுப்பில் இருப்பவருக்குப் பிணை நிற்பது: கனடாவில் அனுபவமுள்ள உறவுகளின் ஆலோசனை தேவை

இளவேனில் எழுதியது:

வணக்கம் உறவுகளே. என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி கடந்த வாரம் கைதாகிக் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் இருக்கிறார். அவருடைய அகதிக் கோரிக்கை முன்னரே நிராகரிக்கப்பட்டிருந்தது. அதன்பின் கனடா எல்லைச் சேவைகள் முகவரகம் அவரை நேர்காணலுக்கு அழைத்து அனுப்பிய கடிதம் அவர் விட்டுப்போன பழைய வீட்டுக்குச் சென்றது. அதை அறியாமல் அவர் போகவில்லை, பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வீதியில் வாகனத்தை மறித்த பொலிசார் அந்தப் பிடியாணையைக் கண்டு அவரை ஒப்படைத்திருக்கிறார்கள். 48 மணி நேர மீளாய்வில், அழைத்தால் இவர் வரமாட்டார் என்ற காரணத்தைக் கூறித் தடுப்பை நீடித்துவிட்டார்கள். அடுத்த மீளாய்வுக்கு இன்னும் ஐந்து நாள்களே உள்ளன.

உறவினர்கள் என்னைப் பிணையாளியாக நிற்கச் சொல்கிறார்கள். நான் குடியுரிமை பெற்றவன். நிரந்தர வேலை இருக்கிறது. கடன் முடியாத வீடு ஒன்றும் இருக்கிறது. 5,000 டொலர் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்றும், அந்தத் தொகையைத் தாங்களே சேர்த்துத் தருவதாகவும், நான் கையொப்பம் மட்டும் இட்டால் போதும் என்றும் சொல்கிறார்கள். அந்தக் "கையொப்பம் மட்டும்" என்ற சொல்தான் மூன்று இரவுகளாக என்னை உறங்கவிடவில்லை. அவரை நான் நல்ல நாள் பெருநாள்களில் கண்டிருக்கிறேனே தவிர, அவரோடு இருந்து மனம்விட்டுப் பேசியவன் அல்லன். என் மனைவிக்கோ அவர் கூடப் பிறக்காத தம்பி.

பிறர் சேர்த்துத் தரும் பணத்தை என் பெயரில் கட்டலாமா? அவர் மீண்டும் தவறினால் எனக்கு என்ன நேரும்? ஒழுங்காக நடந்தால் பணம் எப்போது திரும்பும்? இவற்றை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

தாழை எழுதியது:

வணக்கம் இளவேனில். நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் பல ஆண்டுகள் தடுப்பு மீளாய்வுகளில் உரைபெயர்ப்பாளராக இருந்து, பிணையாளிகள் சாட்சியம் சொல்வதை நேரிலும் தொலைபேசியிலும் கேட்டிருக்கிறேன். அந்த அறிவைக்கொண்டு எழுதுகிறேன். ஐந்து நாள் இருக்கிறது என்றால், இதை வாசித்து முடித்தவுடன் முதலில் ஒரு சட்டத்தரணியை அழைக்க வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லையெனில் மாகாணச் சட்ட உதவி அலுவலகத்தைக் கேளுங்கள்.

தடுப்பு மீளாய்வை நடத்துவது குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் குடிவரவுப் பிரிவு. தடுத்து வைத்திருப்பது எல்லை முகவரகம். தொடர்ந்து வைத்திருக்கலாமா என்று தீர்மானிப்பவர் சபையின் உறுப்பினர். இந்த வேறுபாட்டை நம்மவர்கள் பலர் அறியாமல், கைது செய்த அதிகாரியிடமே கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். முதல் மீளாய்வுக்கு முன்னர் அதிகாரியே விடுவிக்கலாம். அந்தக் கட்டம் உங்கள் மைத்துனருக்குக் கடந்துவிட்டது. இனி முதல் மீளாய்வைத் தொடர்ந்த 7 நாள்களுக்குள் ஒன்று, அதன் பின்னர் 30 நாளுக்கொன்று என மீளாய்வு நடந்துகொண்டே இருக்கும். இத்தனை நாளுக்குள் விட்டுவிட வேண்டும் என்று சட்டத்தில் உச்ச எல்லை எதுவும் இல்லை. ஆகவே இரண்டாவது மீளாய்வை "பார்ப்போம்" என்ற மனத்தோடு கடந்துவிடக் கூடாது. ஒருமுறை தடுப்பு நீடிக்கப்பட்டால், அடுத்து வரும் உறுப்பினர் முந்தைய முடிவுகளைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும், அவற்றிலிருந்து விலகுவதாயின் தெளிவான காரணம் காட்ட வேண்டும் என்றும் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் கூறியிருக்கிறது. அதே தீர்ப்பு, தடுப்பு தேவை என்று நிறுவும் சுமை எப்போதும் அமைச்சர் தரப்பினுடையதே, அதாவது தடுத்து வைத்திருக்கும் எல்லை முகவரகத்தினுடையதே, என்றும் கூறுகிறது. முன்னர் இல்லாத நல்ல பிணைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவருவது அந்தத் தெளிவான காரணங்களில் ஒன்றாக அமையும்.

பிணை இரண்டு வகைப்படும். ஒன்று வைப்பு: பணத்தை முன்கூட்டியே கட்டுகிறீர்கள். மற்றையது உத்தரவாதம்: இப்போது ஒரு காசும் கட்டாமல், நிபந்தனை மீறப்பட்டால் இத்தனை டொலர் தருவேன் என்று கையொப்பமிடுகிறீர்கள். இரண்டும் சேர்த்தும் கேட்கப்படலாம். உறவினர்கள் உங்களிடம் 5,000 என்று சொல்வது அவர்கள் எங்கோ கேள்விப்பட்ட எண். நிலையான விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. பணவசதி எவ்வளவு, விதிக்கப்படும் நிபந்தனைகள் எவை, தப்பிச் சென்றால் தேடிப் பிடிக்கவும் தடுத்து வைக்கவும் வெளியேற்றவும் என்ன செலவாகும் என்பவற்றைப் பார்த்துத்தான் தொகை நிர்ணயிக்கப்பட வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. எனவே 2,000 டொலரை இழந்தால் ஒரு மாத வாடகைக்குத் திண்டாடும் ஒருவருடைய 2,000, வசதியானவருடைய 10,000ஐவிட அதிக எடை பெறலாம். அப்படி நடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

உத்தரவாதம் கொடுப்பவர் கனடாவில் வசிக்கும் குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். முன்னர் கையொப்பமிட்ட இன்னொரு உத்தரவாதம் மீறப்பட்ட நிலையில் இருக்கக் கூடாது. விடுவிக்கப்படுபவரை நிபந்தனைப்படி நடக்கவைக்கத் தமக்கு இயலும் என்று காட்ட வேண்டும். பணம் சட்டபூர்வமாக ஈட்டப்படவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதிகாரி அதை ஏற்கக் கூடாது என்பதும் விதி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பலரிடம் சேர்த்த பணத்தைக் கொடுப்பது திருட்டுப் பணத்தைக் கொடுப்பதாகாது. ஆனால் "இந்தப் பணம் யாருடையது?" என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். முப்பது பேர் ஆளுக்குச் சிறிது போட்ட பணம் என்றால், அதைத் தொலைத்தால் யாருக்கும் பெரிதாக வலிக்காது, அவ்வாறாயின் அது இவரை எப்படிக் கட்டிவைக்கும் என்று அமைச்சர் தரப்புப் பிரதிநிதி கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. என் எண்ணம்: நீங்கள் நிற்பதானால் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வையுங்கள், உறவினர்கள் சேர்க்கும் பணம் சட்டத்தரணியின் கட்டணத்துக்குப் போகட்டும்.

கரையோரன் எழுதியது:

இளவேனில் அண்ணா, நான் பணத்தை இழந்தவன்; ஆகவே என் சொல்லையும் கேளுங்கள்.

என்னுடன் ஒரே இடத்தில் வேலை செய்த ஒருவருக்கு நான் பிணை நின்றேன். 3,000 டொலர் வைப்பு. விடுவிக்கும்போது அவர் என் வீட்டில் வசிக்க வேண்டும், மாதம் ஒருமுறை எல்லை முகவரகத்தில் நேரில் பதிய வேண்டும், முகவரி மாறுவதானால் மாறும் முன்னரே அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். எட்டு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. அதன்பின் வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்தது என்று சொல்லிப் போனார். நானும் மறிக்கவில்லை, வளர்ந்த மனிதர், மாதம் தவறாமல் பதிகிறார், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் எங்கும் ஒளியவில்லை, தப்பி ஓடவில்லை, ஒரு பதிவைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அதிகாரிகள் ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் அங்கு வசிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அவரை மீண்டும் கைது செய்தார்கள். வைப்பை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது என்று எழுத்தில் விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நான் விளக்கம் எழுதினேன். பணம் திரும்பவில்லை.

நிபந்தனை மீறப்பட்டால் வைப்பு பறிபோகும் என்பதுதான் விதி. ஓடிப்போவது மட்டுமே மீறல் என்று நான் தவறாக நினைத்திருந்தேன். உத்தரவின் ஒவ்வொரு வரியும் ஒரு நிபந்தனை. அந்த உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. நான் மேலோட்டமாகப் படித்துவிட்டு உறையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கடிதம் வந்தபோது சட்டத்தரணியிடம் போகாதது என் இரண்டாவது பிழை. பறிமுதல் முடிவைச் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வுக்குக் கொண்டுபோகலாம் என்பதும், உள்நாட்டில் எடுக்கப்பட்ட முடிவுக்கு அதற்கான காலம் 15 நாள்களே என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. 3,000 டொலர் போனதைவிட, அவர் மீண்டும் உள்ளே போனதற்கு என் அசட்டையும் ஒரு காரணம் என்பது இன்றும் என்னைக் குத்துகிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் முகவரியை மாற்றுவதற்கு வழி கேட்டிருக்கலாம்.

முள்முருங்கை எழுதியது:

எல்லோரும் விதிகளையே பேசுகிறீர்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன். பிணையாளி என்றால், அந்தப் பிள்ளை நாளை பயந்து எங்காவது போய்விட்டால், இவர்தான் அதிகாரிகளை அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதுதானே பொருள்? நம்முடைய மக்கள் எந்த நாட்டிலிருந்து, தலையசைத்து ஆட்களைப் படையினருக்குக் காட்டிக்கொடுத்த எப்படிப்பட்ட தலையாட்டிகளுக்குத் தப்பி இங்கு வந்தார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? முகத்தை மூடிக்கொண்டு வந்து தலையசைத்தவன் ஒருவனால் என் தமையன் ஏற்றப்பட்ட வாகனத்தை நான் பார்த்தவள். சொந்த மைத்துனனைக் காட்டிக்கொடுப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு அவனை வீட்டுக்கு அழைத்துவருவதை என்னால் ஏற்க முடியாது. இளவேனில் பணத்தைக் கொடுக்கட்டும். அந்த வாக்கைக் கொடுக்க வேண்டாம்.

தாழை எழுதியது:

முள்முருங்கை அக்கா, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் பணத்தைக் கொடுத்து வாக்கைக் கொடுக்காமல் இருக்க இங்கு வழி இல்லை. அதை இளவேனிலுக்கு மறைத்தால் நாம் அவருக்குத் தீங்கு செய்தவர்களாவோம். சாட்சியத்தில் ஏறக்குறைய எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி இது: "அவர் வீட்டுக்கு வரவில்லை என்று கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" "நண்பர்களிடம் விசாரிப்பேன், அவரோடு பேசிப்பார்ப்பேன்" என்று பதில் சொன்ன பிணையாளிகளை உறுப்பினர்கள் ஏற்காமல் விட்டதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பிணையாளிகள் அன்பில்லாதவர்கள் அல்லர். அந்தக் கேள்வி அன்றுதான் முதன்முதலாக அவர்கள் காதில் விழுந்தது. ஒரு பெரியவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படி ஒரு நாள் வந்தால் என்னால் முடியாது ஐயா" என்றார். அவருடைய நேர்மையை உறுப்பினர் பாராட்டினார், பிணையை மறுத்தார். அந்தப் பதிலை நான் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொன்னபோது என் குரல் தழுதழுத்தது.

தலையாட்டியோடு இதை ஒப்பிடுவது சரியன்று என்றே நினைக்கிறேன். தலையாட்டி முகத்தை மறைத்தான். யாரை, ஏன் என்று எவருக்கும் சொல்லவில்லை. பிணையாளி தன் பெயரைச் சொல்லி, விடுவிக்கப்படப்போகிறவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே கூறுகிறார். அதைக் கேட்டபின் அந்தப் பிணையை ஏற்பதா இல்லையா என்பது அவருடைய தெரிவு. இருந்தும் இது எளிதான வாக்கு என்று நான் சொல்லமாட்டேன். நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கு இந்த வாக்கின் இறுதிப் பொருள், விமான நிலையத்துக்கு அழைக்கும் நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதாகவும் இருக்கலாம். இளவேனில் தம் மனைவியோடு பேச வேண்டியது இதைத்தான்.

மற்றொன்று: வெளியேற்றத்துக்கு எதிராகச் செய்யக்கூடிய விண்ணப்பங்கள் ஏதேனும் எஞ்சியிருக்கின்றனவா என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். பிணையில் வெளியே இருப்பவரால் ஆவணம் தேட முடியும், சட்டத்தரணியை நேரில் காண முடியும். ஒளிந்து வாழ்பவருக்கு அந்தக் கதவுகளும் அடைபட்டுப்போகின்றன.

நந்தியாவட்டை எழுதியது:

நான் உள்ளே இருந்தவள். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

நான் தடுப்பில் 41 நாள் இருந்தேன். முதல் மீளாய்வில் எனக்காக எவரும் வரவில்லை. இரண்டாவதில் பெரியம்மா தொலைபேசியில் வந்தார். ஆனால் என் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நான் எங்கெங்கே வசித்தேன், எந்தத் தேதியில் எதைத் தவறவிட்டேன் என்ற ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. "நல்ல பிள்ளை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். உறுப்பினர் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டுத் தடுப்பை நீடித்தார். அவர் சொன்ன காரணம் எனக்கு மனப்பாடம்: இவரை உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு விளங்குகிறது, இவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் விளங்கவில்லை.

அதன்பின் பெரியம்மா மூன்று முறை பார்வையாளர் நேரத்தில் வந்தார். நான் அவரிடம் மறைத்திருந்தவற்றை எல்லாம் சொன்னேன், வெட்கமானவற்றையும் சேர்த்து. அடுத்த மீளாய்வில் அவர் என்னைவிடத் தெளிவாக என் கதையைச் சொன்னார். தவறவிட்ட நேர்காணலைப் பற்றிக் கேட்டபோது மழுப்பவில்லை. "பயத்தில் போகவில்லை, அது பிழை, இனி நான் கூட்டிக்கொண்டு வருவேன்" என்றார். 2,500 டொலர் வைப்பு, 5,000 டொலர் உத்தரவாதம். விட்டார்கள்.

முள்முருங்கை அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில், வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியம்மா என்னிடம் சொன்னார்: நீ ஒரு பதிவுக்குப் போகாவிட்டால் அன்றைக்கே நான் அழைத்துச் சொல்வேன், அதற்காக நீ என்னை வெறுக்கலாம், இன்றைக்கே வெறுத்துக்கொள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் இரண்டு ஆண்டுகளாகக் கதவு தட்டும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய் நின்றவள் நான். அன்றிரவு கட்டிலில் படுத்துக் காலைவரை உறங்கினேன். எங்கே இருக்கிறேன் என்பதை அரசாங்கம் அறியும், பெரியம்மாவும் அறிவார். மறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இளவேனில் அண்ணா, கையொப்பம் இடும் முன்னர் உள்ளே போய் அவரைப் பாருங்கள். உங்களிடம் உண்மை சொல்கிறாரா என்று பாருங்கள். அவர் சொல்லாவிட்டால் நிற்க வேண்டாம். நான் இதை எழுதுவது எனக்கே கடினமாக இருக்கிறது. ஆனாலும் நிற்க வேண்டாம்.

பழைய பேனா எழுதியது:

பிணையாளி எவரும் அமையாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இழையைப் பின்னர் வாசிக்கப்போகிறவர்களில் அவர்களின் உறவுகளும் இருக்கலாம்.

பணம் எல்லாத் தடுப்புக்கும் மருந்தன்று. அடையாளம் நிறுவப்படவில்லை என்ற காரணத்தில் தடுத்து வைக்கப்பட்டவருக்கு, எவ்வளவு பெரிய பிணையும் அந்தக் குறையை நீக்காது. அடையாள ஆவணங்களைத் திரட்டுவதே வேலை. 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களோடு சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது பிணைக்கு முன்வர மனமிருந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஆனாலும் அடையாளத்தைக் காரணம் காட்டித் தாய்மாரும் பிள்ளைகளும் உட்படப் பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்த நாள்களில் ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களைத் தொலைநகலில் பெற்று, மொழிபெயர்ப்பித்து, சட்டத்தரணிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த தொண்டர்களின் உழைப்பைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

வருவாரா மாட்டாரா என்பதே கேள்வியாக இருந்தால், பணமில்லாத வழிகளும் இருக்கின்றன. விடுவிப்பதற்குப் பணம் கட்டியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தடுப்புக்கு மாற்று வழிகள் உள்ளனவா என்று உறுப்பினர் கட்டாயம் பார்க்க வேண்டும். எவ்வளவு காலம் உள்ளே இருந்தார், தரப்பினரில் யாரால் தாமதம் ஏற்பட்டது, இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் பிள்ளையின் நலன் என்ன என்பவற்றையும் அவர் பார்க்க வேண்டும். 2018இலிருந்து குரல் அடையாளத்தின் மூலம் தொலைபேசியில் பதியும் முறையும், சமூக அமைப்புகளின் மேற்பார்வையில் விடும் முறையும் விரிவாக்கப்பட்டிருக்கின்றன. ரொறன்ரோவில் பிணை மேற்பார்வை நிறுவனமொன்று, பிணையாளி இல்லாதவர்களை நேர்கண்டு, தகுதியானவர்களைத் தன் மேற்பார்வையில் எடுக்க முன்வருகிறது. இளவேனில் பிணை நிற்காவிட்டால் அந்தப் பிள்ளை கைவிடப்பட்டவராகிவிடுவார் என்ற குற்ற உணர்ச்சியில் அவர் கையொப்பம் இடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கூடவே ஓர் எச்சரிக்கை. "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும், பிணையாளியையும் நானே ஒழுங்கு செய்கிறேன்" என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். கட்டணம் பெற்றுக்கொண்டு இந்த வழக்குகளில் முன்னிலையாகச் சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், உரிய தகுதியுள்ள சட்ட உதவியாளர்கள், இந்தச் சபையில் முன்னிலையாக உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோருக்கே அனுமதி உண்டு.

இளவேனில் எழுதியது:

உங்கள் ஒவ்வொருவரின் பதிவையும் என் மனைவியும் நானும் சேர்ந்து வாசித்தோம். நந்தியாவட்டையின் பதிவை வாசித்துவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விட்டார்; திரும்பி வந்து, நாளைக்கே போய்த் தம்பியைப் பார் என்றார். நாளை போகிறேன். உரைபெயர்ப்பாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: எந்தெந்த ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும்?

தாழை எழுதியது:

குடியுரிமைச் சான்று அல்லது கடவுச்சீட்டு, வேலைக் கடிதம், அண்மைக்காலச் சம்பளச் சீட்டுகள், கடைசி வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம், சில மாத வங்கிக் கூற்று, வீட்டுச் சொத்துவரிச் சீட்டு. வங்கிக் கூற்றில் மீளாய்வுக்கு முந்தைய நாள் திடீரென்று பெருந்தொகை வந்திருந்தால் அதைப் பற்றிக் கேட்பார்கள். இவை அனைத்தையும் சட்டத்தரணி வழியாக முன்கூட்டியே எதிர்த் தரப்புக்கும் சபைக்கும் கொடுத்துவிடுவது நல்லது. ஆவணங்கள் தயாராக ஐந்து நாள் போதாது என்றால், 30 நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புதிய விடயம் இருக்கிறது என்று எழுத்தில் காட்டி முன்கூட்டிய மீளாய்வைக் கோரலாம்.

தமிழில் சாட்சியம் சொல்ல விரும்பினால் சபையே உரைபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்காகத் தடுமாறிப் பேச வேண்டாம். கேட்கப்பட்டதற்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். உறவினரின் குறைகளைக் கேட்டால் மறைக்காதீர்கள். அவை ஏற்கெனவே எதிரிலிருப்பவரின் கோப்பில் இருக்கின்றன.

இளவேனில் எழுதியது:

மீளாய்வு நேற்று முடிந்தது. நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மீளாய்வுக்கு முன்னர் இருமுறை போய்ப் பார்த்தேன். முதல் நாள் அவர் பேசவே இல்லை. கடிதம் வரவில்லை என்பதையே சொன்னார். இரண்டாம் நாள், கடிதம் வந்தது என்றும், பழைய வீட்டுக்காரர் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார் என்றும், போனால் அன்றே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால் போகவில்லை என்றும் சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இந்த இழையின் முதற்பதிவில் நான் எழுதியது தவறான தகவல். அதைச் சட்டத்தரணியிடம் சொன்னேன். மீளாய்வில் மைத்துனரே தம் வாயால் சொன்னார்.

எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அழைத்துச் சொல்வேன் என்றேன். சொல்லும்போது அவரைப் பார்த்தேன். அவர் திரையில் தலையை மேலும் கீழும் அசைத்தார். அதைக் கண்ட என் மனைவி இங்கே அழுதுவிட்டார். முள்முருங்கை அக்கா, நீங்கள் எழுதியது அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. உங்கள் சொல்லையும் மனத்தில் வைத்துக்கொண்டேதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

என் சேமிப்பிலிருந்து 3,000 டொலர் வைப்பும் 7,000 டொலர் உத்தரவாதமும் நிர்ணயிக்கப்பட்டன. எங்கள் வீட்டில் வசிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் பதிய வேண்டும். எந்த நேர்காணலுக்கும் தவறக் கூடாது. சட்டத்தரணி எஞ்சியிருக்கும் விண்ணப்பங்களை ஆராய்கிறார். நம்பிக்கை அதிகம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. உத்தரவைத் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், கரையோரன் தம்பிக்கு நன்றி.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவில்லை. ஒருவேளை அவர் போக நேர்ந்தால் வைப்புப் பணம் திரும்புமா?

தாழை எழுதியது:

நிபந்தனைகள் நிறைவேறியதாக உறுதியானால் கட்டியவருக்கே திரும்பும். அழைத்த நாளில் வந்து நாட்டைவிட்டுச் செல்வதும் நிபந்தனையை நிறைவேற்றுவதே. ஆனால் அவர் தாமாகச் செல்வதாயின், விமான நிலையத்தில் எல்லை அதிகாரியிடம் வெளியேறியதற்கான சான்றிதழைப் பெறாமல் விமானம் ஏற விடாதீர்கள். அது இல்லாவிட்டால் கோப்பில் அவர் இன்னும் இங்கேயே இருப்பதாக நிற்கும். உங்கள் பணமும் நிற்கும். வைப்புக் கட்டியபோது தந்த பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் வீடு மாறினாலும், மாறும் முன்னரே உங்கள் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும்.

முள்முருங்கை எழுதியது:

இளவேனில், நான் எழுதியதில் மாற்றமில்லை; ஆனால் அந்தப் பிள்ளை தலையசைத்தார் என்பதை நான் நான்கு முறை வாசித்தேன். எல்லை முகவரகத்தில் முதன்முறை பதியப் போகும் நாளில் அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். உங்களுக்கு வேலை நாள் என்றால் எனக்கு எழுதுங்கள், நான் கூடப் போகிறேன்.

இளவேனில் எழுதியது:

வியாழக்கிழமை காலை 9 மணிக்கு அக்கா. முகவரியைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.